வெள்ளைப் பளிங்குப் பாறையில் நீல மணிகள்: செரண்டிபைற்றாக இருக்குமா?

களுவாஞ்சிக்குடி ஆசிரியர் எழுதியது:

எனது மாணவர் ஒருவரின் தந்தை, கண்டிப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் உடைக்கும் இடமொன்றில் வேலை செய்துவிட்டு வந்தபோது, உள்ளங்கையளவு வெள்ளைப் பாறைத் துண்டொன்றைக் கொண்டுவந்திருக்கிறார். மிளகளவில் ஏழெட்டு நீல மணிகள் அதில் பதிந்துள்ளன. உறவினர் ஒருவர் அவற்றை நீலக்கல் என்கிறார். மாணவரோ செரண்டிபைற்று என்னும் அரிய சிலிக்கேற்றுக் கனியம் என்று சாதிக்கிறார். பாடசாலை ஆய்வுகூடத்தில் உள்ளவற்றைக் கொண்டே இதைத் தீர்மானிக்க இயலுமா? எங்கள் பகுதியிலும் இக்கனியம் கிடைக்குமா?

காத்தான்குடி கல் வியாபாரி எழுதியது:

ஐயா, மணியைப் பிரித்தெடுத்து, காற்றிலும் நீரிலும் நிறுத்துச் சாரடர்த்தியை, அதாவது அதே கனவளவு நீரைவிட அது எத்தனை மடங்கு பாரம் என்பதை, கணித்தால் போதுமானது. நீலக்கல்லுக்கு 4.0 வரும், அதற்குக் குறைந்தால் நீலக்கல் அன்று. மின்னும் நீலமெல்லாம் நீலக்கல் என்று நம்பி ஏமாந்தவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன்.

புவிச்சரிதவியல் மாணவி எழுதியது:

நிறுக்கும் முறை பெரிய கல்லுக்குப் பொருந்தும். மிளகளவு மணிக்குப் பொருந்தாது. 0.2 கிராம் மணியொன்று நீரில் இழக்கும் நிறை, அது நீலக்கல்லாயின் 0.050 கிராம், ஸ்பினல் என்னும் வேறொரு மணிக்கல்லாயின் ஏறத்தாழ 0.056, செரண்டிபைற்றாயின் 0.058 என்ற அளவிலேயே இருக்குமாதலால், 0.01 கிராம் வரை மட்டுமே காட்டும் பாடசாலைத் தராசு இவற்றைப் பிரித்தறியாது.

செரண்டிபைற்று, கல்சியம், மக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றோடு போரனும் சேர்ந்த சிலிக்கேற்று; முச்சாய்வுத் தொகுதியில், அதாவது மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று சாய்ந்த வடிவில், படிகமாகும். கண்டி மாவட்டத்து அம்பகோட்டேக்கு அண்மையிலுள்ள கங்கபிட்டியவிலிருந்து கிடைத்த இதை, ஜி. ரி. பிரையரும், பிற்காலத்தில் கலை ஆய்வாளராகவே நாம் அதிகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமியும் 1903இல் விவரித்து, இலங்கைக்கு வழங்கிய செரண்டிப் என்ற பழைய அரபுப் பெயரையொட்டி இப்பெயரையும் இட்டனர். மோஸ் அளவுகோலில் (எண் கூடியது குறைந்ததைக் கீறும்) இதன் கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை. ஆகவே உங்களுக்கு உதவக்கூடியது கீறற் சோதனையே: குவாட்ஸின் கடினத்தன்மை 7, ஸ்பினலினது 8, நீலக்கல்லினது 9, மணி குவாட்ஸைத் தெளிவாகக் கீறினால் அது செரண்டிபைற்று அன்று. கீறிய தடத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். சில வேளை கீறலாகத் தோன்றுவது மணியின் பொடியாகவே இருக்கும்.

கீறாவிட்டால், மெல்லிய சில்லொன்றை, ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் முனைவாக்கும் தாளொன்றின் பின்னால் வைத்துச் சுழற்றுங்கள். செரண்டிபைற்று மங்கிய மஞ்சட்பச்சைக்கும் அடர்நீலத்துக்கும் இடையே நிறம் மாறும். மணிகளைப் பிரிக்கப் பாறையை ஐதரோகுளோரிக் அமிலத்தில் இடுவதைத் தவிர்க்கவும். உருக்கிலும் மென்மையான பொஸ்பேற்றுக் கனியமாகிய நீல அப்பற்றைற்று இருந்தால் அதுவும் கரைந்துவிடும்.

அம்பாறை வாசகர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு: சுண்ணாம்புப் பாறையும் கருங்கல் வகைப் பாறையும் தொடும் ஒடுங்கிய வலயத்தில், போரன் செறிந்த பாய்மம் ஊடுருவும்போதே பொதுவாக இக்கனியம் உண்டாகும். இத்தகைய சூழல் அமைவது அரிது. அதுவே இதன் அருமைக்குக் காரணம். நியூயோர்க்கின் ஜோன்ஸ்பேர்க், மியான்மாரின் மொகொக் போன்ற சில இடங்களிலும் இது உண்டு. நமது பளிங்குப் பாறைகள் பெரும்பாலும் உயர்நிலத் தொகுதி எனப்படும் மலைநாட்டுப் பாறைப் பிரிவைச் சேர்ந்தவை. மட்டக்களப்பும் அம்பாறையும் அமைந்திருப்பதோ, விஜயன் தொகுதி எனப்படும் வேறொரு பிரிவின் நைசு என்னும் பட்டைபட்டையான உருமாறிய பாறைகள்மீது. எனவே வாவிக்கரையில் தேடி மாணவர்கள் காலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

களுவாஞ்சிக்குடி ஆசிரியர் எழுதியது:

மூன்று மணிகளைச் சோதித்தோம். இரண்டு குவாட்ஸில் ஆழமாகவே கீறின. கைவில்லையால் பார்த்தபோது அவற்றில் ஒன்றுக்கு எண்முக வடிவமும் தெரிந்ததால் ஸ்பினல் என்றே கொள்கிறோம். மூன்றாவது சற்று நீண்ட வெளிர்நீல மணி. உருக்குக் கத்தியின் கூரால் அதுவே கீறுபட்டது. அது அப்பற்றைற்றாக இருக்கலாம். மாணவருக்கு ஏமாற்றந்தான், ஆயினும் எஞ்சிய மணிகளையும் கீறிப் பார்க்கவேண்டும் என்று நாளை குவாட்ஸ் துண்டைக் கேட்டிருக்கிறார்.