வாய் வழியாகச் சாப்பிடாத நோயாளிக்கு வாயைச் சுத்தம் செய்வது யார் வேலை?

புதுச்செவிலி:
பக்கவாதப் பிரிவில் பணிக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மூக்கு வழியாகக் குழாய் போட்ட முதியவர் ஒருவரைப் போன வாரம் கவனிக்கத் தொடங்கினேன். வாய் எந்நேரமும் திறந்தே இருக்கிறது, ஆக்சிஜனும் ஓடுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தபோது அண்ணத்தில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. புண் என்றுதான் முதலில் நினைத்தேன். ஈரத் துணியை வைத்துச் சிறிது நேரம் ஊறவிட்டதும் அதன் விளிம்பு மெல்ல எழும்பியது. காய்ந்த சளியும் எச்சிலும் இறுகிப்போன பொருக்கு! வலிக்காமல் எடுத்து முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று.

குறிப்பேட்டில் ஒவ்வொரு ஷிப்டிலும் "வாய்ச் சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதியிருக்கிறது. மூத்தவர் ஒருவரிடம் சொன்னேன். "வாய் வழியாக எதுவும் போகவில்லையே, அழுக்கு எங்கிருந்து வரும்? ஊசி மருந்து வேலையைப் பார்" என்றார். இது செவிலியர் வேலையா, உதவியாளர் வேலையா?

இரவுப்பணி:
தங்கைக்கு, நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். சாப்பிடாத வாய்தான் சீக்கிரம் கெடும். மெல்லும்போதுதான் எச்சில் நன்றாக ஊறும். வாயைக் கழுவிக்கொண்டே இருப்பது அந்த எச்சில்தான். அது வற்றினால் பல்லில் கிருமிப் படலம் தடிக்கும். விழுங்கத் தடுமாறுகிறவருக்கு அது எச்சிலோடு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவாக முடியும். மூக்குக்குழாய் இதைத் தடுப்பதில்லை.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வு 1999இல் 'லான்செட்' இதழில் வந்தது. செவிலியரோ பராமரிப்பாளரோ ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அந்தக் கவனிப்பு கிடைக்காதவர்களில் 19 சதவீதம். உங்கள் மூத்தவரிடம் இதைச் சொல்லுங்கள்.

பஞ்சு வாயை நனைக்கும், படலத்தை எடுக்காது. சிறிய தலையுள்ள மென்மையான பிரஷ் வேண்டும். நாளுக்கு இரண்டு முறை துலக்குங்கள்; இடையிடையே உதட்டையும் நாக்கையும் ஈரமாக வைத்திருங்கள். தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குமேல் உயர்த்தி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, சக்ஷனை (எச்சிலையும் சளியையும் உறிஞ்சும் கருவி) தயாராக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பேஸ்ட் சற்றே தடவினால் போதும். பற்களுக்கு நடுவே விரலை மட்டும் வைக்காதீர்கள். எலுமிச்சை கலந்த கிளிசரின் வேண்டாம். பின்னர் இன்னும் வறண்டுபோகும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியை ஊற்றினால் பிரஷ் தேவையில்லை என்பார்கள். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கான அமெரிக்க வழிகாட்டுதல் 2022இல் பிரஷ்ஷைத்தான் பரிந்துரைத்தது. குளோர்ஹெக்சிடினைப் பொதுவாக வேண்டாம் என்றது.

துலக்குவதைக் கற்றுக்கொடுத்து உதவியாளரிடம் விடலாம். டார்ச் அடித்துப் பார்ப்பதையும் எழுதுவதையும் யாரிடமும் விடாதீர்கள். பக்கவாதம் தாக்கிய பக்கத்துக் கன்னத்தின் உள்ளே கட்டாயம் பாருங்கள். அங்கே தேங்குவது அவருக்கே தெரியாது.

மகன்:
நான் மருத்துவத் துறையில் இல்லை. அம்மா மருத்துவமனையில் இருந்தபோது பல் செட் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இரவும் பகலும் அது வாயிலேயே கிடந்தது. "வாய் எரிகிறது" என்று அம்மா சொன்னதை நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் ஒரு சிஸ்டர் அதைக் கழற்றிப் பார்த்தார். அடியில் அண்ணம் முழுவதும் சிவந்திருந்தது, பூஞ்சைத் தொற்று. பிறகு தினமும் துலக்கி, இரவில் தண்ணீரில் போட்டுவைக்கச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வாரத்தில் அம்மா பழையபடி சாப்பிட்டார். அந்த சிஸ்டரை மறக்க மாட்டேன்.

புதுச்செவிலி:
நன்றி அக்கா. இன்று பிரஷ்ஷை எடுத்துப் போனேன், அவர் கடித்துப் பிடித்துக்கொண்டார். இழுத்தால் பல் ஆடிவிடுமோ என்று பயந்துவிட்டேன்.

இரவுப்பணி:
இழுக்கவே இழுக்காதீர்கள். அது அனிச்சைச் செயல், முரண்டு அல்ல. பிரஷ்ஷை அசைக்காமல் பிடித்தபடி, வெளியே தாடையை மெல்லத் தடவிக்கொடுங்கள், தளரும். அடுத்த முறை உள்ளே போகும் முன் உதட்டில் தொட்டு, என்ன செய்யப்போகிறீர்கள் என்று பேசுங்கள். நினைவில்லாதவர்போல் கிடந்தாலும் பேசுங்கள். கன்னப்பக்கப் பற்களில் தொடங்கினால் கடிப்பது குறையும்.

புதுச்செவிலி:
மாலையில் அப்படியே செய்தேன். இரண்டு முறை கடித்தார். மூன்றாம் முறை விட்டுக்கொடுத்தார். குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "அண்ணத்தில் பொருக்கு இல்லை. நாக்கு வறட்சி. இடது கன்னத்துள் சளி, அகற்றப்பட்டது. கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது, பல் மருத்துவர் பார்க்க வேண்டும்."