நரம்புக்கு நடுவே மஞ்சளாகும் நாற்றிலை: என்ன பெயர் வைப்பது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி நிழல்வலைக் கூடத்தில் தக்காளி, மிளகாய் நாற்றுகளைக் குழித்தட்டில் வளர்க்கிறோம். இலை நிறம் மாறினால் காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க ஒரு சுவர்ப்படம் தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இலையில் பச்சையம் குறைந்து நிறம் வெளுப்பதைக் குறிக்கும் குளோரோசிஸ் என்பதைத் தமிழில் எப்படிப் போடுவது?

"மஞ்சள்" என்று மட்டும் எழுதினால் வினை வருகிறது. போன வாரம் மிளகாய்த் தட்டில் உச்சியில் விரிந்த புது இலைகள் எலுமிச்சை நிறம். நரம்புகள் மட்டும் நூல் நூலாகப் பச்சை. அடியிலைகளுக்கு ஒரு குறையும் இல்லை. "மஞ்சளானால் தழைச்சத்துக் குறை" என்று படித்திருந்த மாணவி யூரியாவைக் கரைத்து ஊற்றிவிட்டாள். தழைச்சத்து குறைந்தால் அடியிலைதான் முதலில் வெளுக்கும், அதுவும் இலை முழுக்க ஒரே சீராக. இது இரும்புச்சத்துக் குறை. கேரளத்தில் கரிசல் மண் இருப்பது எங்கள் சித்தூர் தாலுக்காப் பக்கம்தான். சுண்ணாம்பு மிகுந்த மண். அதைத் தென்னைநார்க் கழிவோடு கலந்து தட்டில் நிரப்பியிருந்தார்கள். காரத்தன்மை கூடினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாது.

ஆகவே "நரம்பிடை" என்பதோடு ஒட்டி நிற்கும் ஒரு சொல் வேண்டும். நான் படித்த பாடத்தில் "பச்சையச் சோகை" என்று இருந்தது. அதையே போட்டுவிடலாமா?

வேலந்தாவளம் நாற்றுப்பண்ணைக்காரர் எழுதியது:

டீச்சர், சோகை வேண்டாமுங்க. எங்க பக்கம் சோகைன்னா கரும்புத் தோகை. கரும்பு வெட்டுற ஆள்கிட்டப் போய்ப் பச்சைச் சோகைன்னா மாட்டுக்குத் தீவனமாக் கட்டிக் குடுப்பாரு. இலையைப் பத்திப் பேசுற படத்துல, இலைக்கே இன்னொரு பேரா இருக்கிற சொல்லை நோய்க்கு வெச்சா பிள்ளைங்க குழம்பும்.

நாகர்கோவில் புலவர் எழுதியது:

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு, பச்சையச் சோகை என்பது இரத்தசோகையைப் பார்த்துக் கட்டிய சொல். நம்மிடம் ஈராயிரம் ஆண்டுப் பழைமையுள்ள சொல் இருக்கிறது: பசலை. காதலனைப் பிரிந்த பெண்ணின் மேனியில் படரும் நிறமாற்றத்தைச் சங்கப் பாடல்கள் அப்படி அழைக்கின்றன. பசு என்னும் அடியிலிருந்து பசுமை, பச்சை, பாசி, பசப்பு, பசலை எல்லாம் கிளைத்தன. பசும்பொன் என்கிறோமே, அங்கே பசுமை பொன்னிறத்தையும் தழுவி நிற்கிறது. பச்சையும் மஞ்சளும் கலந்து மங்கிய நிறமே பசலை. கிரேக்கத்தில் குளோரோஸ் என்பதும் அதே இளம்பச்சை மஞ்சள்தான்.

குறுந்தொகை 399-இல் பரணர், ஊருண் கேணியின் பாசிக்குப் பசலையை உவமித்து, "தொடுவுழித் தொடுவுழி நீங்கி விடுவுழி விடுவுழிப் பரத்தலானே" என்கிறார். நரம்பு ஓடும் இடத்தில் விலகி, நரம்பு விட்ட இடத்தில் பரவும் உங்கள் மிளகாய் இலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் ஏது? "நரம்பிடைப் பசலை" என்று போடுங்கள்.

செங்கோட்டை சித்த மருத்துவர் எழுதியது:

புலவர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 17-ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய மருத்துவர்கள் குளோரோசிஸ் என்று அழைத்தது இளம்பெண்களுக்கு வரும் ஒரு வெளிறல் நோயை. பின்னாளில் அது இரும்புக்குறைச் சோகை என்று தெளிவாயிற்று. 1840-களில் பிரான்சில் யூசேப் கிரி என்பவர் வெளிறிய செடிகளுக்கு இரும்பு உப்பைக் கொடுத்துப் பச்சையை மீட்டுக் காட்டினார். அந்த உப்புதான் நம் அன்னபேதி. சோகைக்கு நாங்கள் அன்னபேதிச் செந்தூரம் கொடுக்கிறோம். உழவர் அதே அன்னபேதியை இலையில் தெளிக்கிறார். மனிதருக்கும் செடிக்கும் குறையும் மருந்தும் ஒன்றாக இருக்கும்போது சோகை என்ற பெயரும் ஒன்றாக இருப்பதே முறை. பசலை காதலன் வந்தால் தீரும். அதற்கு மருந்து சொல்ல எங்கள் நூல்களில் இடமில்லை.

வேலந்தாவளம் நாற்றுப்பண்ணைக்காரர் எழுதியது:

ஐயா, பசலைன்னா இங்க எல்லாருக்கும் கீரைதான் ஞாபகம் வரும். பசலைக்கீரையும் நாங்க தட்டுல போடறோம். "பசலையில் நரம்பிடைப் பசலை"ன்னு எழுதினா என்ன ஆகுறது?

கிருஷி பவனில் வேலை செய்பவர் எழுதியது:

கேரள அரசின் வேளாண் அலுவலகமான எங்கள் கிருஷி பவனின் பலகையில் மலையாளத்தில் மஞ்ஞளிப்பு என்றுதான் எழுதுகிறோம். இங்குள்ள தமிழ் விவசாயிகளும் "மஞ்சளிச்சுப் போச்சு சாரே" என்றுதான் வருகிறார்கள். மஞ்சளிப்பு என்று வைத்தால் யாருக்கும் விளக்க வேண்டாம்.

சொல் எதுவானாலும் ஓர் எச்சரிக்கையைப் படத்தில் சேர்க்க வேண்டுகிறேன். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வந்தால் நரம்பு மஞ்சளாகும், நடுப்பகுதி முதலில் பச்சையாக இருக்கும். நேர்மாறு. அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. எந்த உப்பைத் தெளித்தாலும் தீராது, செடியைப் பிடுங்கி அழிப்பதுதான் வழி. "நரம்பு மஞ்சள்", "நரம்பிடை மஞ்சள்" இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள். அந்த "இடை" என்ற ஈரெழுத்தைப் பிள்ளைகள் தவறவிட்டால் நல்ல நாற்று குப்பைக்குப் போகும், நோயுற்றது தட்டிலேயே இருக்கும்.

நாகர்கோவில் புலவர் எழுதியது:

மஞ்சளிப்பு ஒப்பமுடியாத சொல். பெயரோடு இகரம் சேர்த்து வினையாக்குவது தியானி, சேவி, உபதேசி என வடசொற்களில் பெருகிய வழக்கம். மஞ்சள் என்ற தூய பெயரை ஏன் அந்த அச்சில் வார்க்க வேண்டும்? பசலை கூடாதென்றால் வெளிறல் இருக்கிறதே. பேச்சிலும் உண்டு, இலக்கணமும் குறை சொல்லாது.

செங்கோட்டை சித்த மருத்துவர் எழுதியது:

வெளிறு என்றால் செடிகொடிகளைப் பொறுத்தவரை வயிரம் ஏறாதது, அதாவது உள்மரம் கெட்டிப்படாதது என்று பொருள் நிலைத்திருக்கிறது. புறநானூற்றில் வெளிற்றுப்பனை வருகிறதே. தாவரவியல் படத்தில் அது வேறிடத்துக்கு இழுத்துப் போகும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

ஐயா, மஞ்சளிச்சது என்பது எங்கள் வீடுகளில் புழங்கும் சொல். மலையாளத்திலிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்று எல்லையில் வாழும் நாங்கள் பிரித்துப் பார்த்ததில்லை. தொல்காப்பியப் பாயிரமே "வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்" என்று வழக்கைத்தானே முன்னால் வைக்கிறது? எங்கள் பிள்ளைகள் தமிழ்வழியில் படித்துவிட்டு, வெளியே போனால் மலையாளப் பலகையைப் படிக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே சொல்லாக இருந்தால் அவர்களுக்குச் சுமை பாதி குறையும். தூய்மைக்காக அவர்கள் தலையில் இன்னொரு சொல்லை ஏற்ற எனக்கு மனமில்லை.

நாகர்கோவில் புலவர் எழுதியது:

வழக்கு என்று நீங்கள் சொன்னபின் இலக்கணத்தை விடுகிறேன். பொருளிலேயே ஒரு குறை இருக்கிறது. இரும்பு மிகக் குறைந்தால் இலை மஞ்சளோடு நிற்காமல் ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். அப்போது மஞ்சளிப்பு என்பது பொய்யாகிவிடுமே? வெளிறல் இரண்டுக்கும் பொருந்தும்.

வேலந்தாவளம் நாற்றுப்பண்ணைக்காரர் எழுதியது:

வெள்ளையாகுற வரைக்கும் விட்டா அந்த நாத்து தேறறது கஷ்டமுங்க ஐயா. மஞ்சளா இருக்கும்போதே பிடிக்கணும், அதுக்குத்தானே படம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதிங்கறது வளர்ந்த பயிருக்கு. குழித்தட்டு நாத்துக்கு அதைவிட இளசாக் கரைச்சு, வெயில் தாழ்ந்தப்புறம் தெளிக்கச் சொல்லுங்க. இல்லீன்னா இலை பொசுங்கிடும். அதையும் படத்துல போடுங்க.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

நாளை அச்சகம். எழுதியவர்களில் பலர் மஞ்சளிப்புப் பக்கம் இருப்பதால் "நரம்பிடை மஞ்சளிப்பு" என்றே கொடுக்கிறேன். தேர்வில் வரக்கூடும் என்பதால் பக்கத்தில் சிறிய எழுத்தில் பச்சையச் சோகையும் இருக்கும். அடியிலையா உச்சியிலையா என்ற கேள்வி படத்தின் தலைப்பிலேயே வருகிறது. வெண்டைப் படம் தனிக் கட்டத்தில். தெளிப்புக் குறிப்பையும் சேர்த்துவிட்டேன்.

நாகர்கோவில் புலவர் எழுதியது:

படம் நன்றாக வரட்டும். வெளிறலே சரி என்ற என் கருத்தில் மாற்றமில்லை. மறு அச்சு வரும்போது மீண்டும் எழுதுவேன். இலை விளிம்பு செத்துக் காய்வதற்கு, அதாவது நெக்ரோசிஸுக்கு, படத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள்? கருகல் என்றால் நெல்லின் இலைக்கருகல் நோயோடு மோதுமே.