இன்குபேட்டர்: அடைகாப்பகமா, நாற்றங்காலா?

குழுவினருக்கு வணக்கம். புதிதாகத் தொடங்கும் தொழில்களுக்கு (ஸ்டார்ட்அப்) இடமும் உதவியும் தந்து வளர்த்துவிடும் ‘இன்குபேட்டர்’ போன்ற அமைப்புகளுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இதோ.

> ‘அடைகாப்பகம்’ என்றே இருக்கட்டும். பொருள் அப்படியே வருகிறது.

பொருளோடு கோழியும் வருகிறதே ஐயா! 1959இல் அமெரிக்காவின் படேவியா ஊரில், மூடிக்கிடந்த ஒரு பெரிய தொழிற்சாலையைப் பிரித்துச் சிறுதொழில்களுக்கு வாடகைக்கு விட்டார் ஜோசப் மன்கூசோ. குடிவந்தவற்றுள் ஒன்று கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனம். அதை வைத்து அவர் அடித்த வேடிக்கைதான் ‘இன்குபேட்டர்’ என்ற சொல். அவர் ஊர் வேடிக்கையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? இங்கே யாங்கோனில் (ரங்கூன்) 2014இல் தொடங்கிய தொழில்நுட்பக் கூடத்துக்குப் பர்மிய மொழியில் ‘பன்டீயா’, அதாவது ‘படைக்கும் இடம்’, என்று பெயர் வைத்தார்கள். கோழி இல்லை, முட்டை இல்லை.

நான் சொல்வது ‘நாற்றங்கால்’. பர்மாவின் பகோ, தட்டோன் பக்கம் வயலில் வளர்ந்த நம்மவருக்கு விளக்கவே வேண்டாம். நெருக்கமாக விதைத்து, அளவாகத் தண்ணீர் காட்டி, மூன்று நான்கு வாரத்தில் பறித்து, கட்டுகளாக முடிந்து வேறு வயலில் நடுகிறோம். பறிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. நாள் தப்பினால் நாற்று முற்றிவிடும், நட்டாலும் சரியாகத் தூர் கட்டாது. என் அக்கா மகன் இங்கே ஒரு கூடத்துக்கு ஆறு மாதம் என்று போனவன், இரண்டு வருடம் இருந்தான். இலவச மேசை, இலவச இணையம், வாடிக்கையாளர் மட்டும் ஒருவரும் இல்லை. அவனைப் பறித்து நட யாரும் இல்லை. ஸ்டார்ட்அப்புக்குத் தமிழ்நாட்டில் ‘புத்தொழில்’ நிலைத்துவிட்டது. ஆகவே ‘புத்தொழில் நாற்றங்கால்’.

> ‘ஹப்’புக்குச் செட்டியார்களின் ‘கிட்டங்கி’யை எடுக்கலாமே?

எனக்கும் ஆசைதான். பல புத்தொழில்கள் கூடி இயங்கும் இடம்தான் ஹப். பர்மாவில் வட்டிக்கடை நடத்திய செட்டியார்களின் கிட்டங்கியும் அப்படித்தான்: ஒரே கூடத்தில் பல கடைகள், ஆளுக்கொரு கணக்குப்பெட்டி. பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாக, வந்து தொழில் கற்றுத் தனிக்கடை வைத்தவர்களும் உண்டு. ஆனால் 1930களில் நெல்விலை விழுந்து, கடன் திரும்பாமல், 1938க்குள் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. இந்த ஊரில் அந்தச் சொல்லை வைத்துக் கடைதிறக்க எனக்குத் துணிவில்லை. அப்புறம், தமிழ்நாட்டில் கிட்டங்கி என்றால் மூட்டை அடுக்கும் இடம். ஹப்புக்குப் ‘புத்தாக்கக் கூடம்’ போதும்.

‘அக்செலரேட்டர்’தான் சிக்கல். ஏற்கெனவே நடக்கும் புத்தொழிலை வேகமாக வளரவைக்கும் திட்டம் அது; நடவு முடிந்த பயிருக்கு இடும் மேலுரம் மாதிரி. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா? ‘முடுக்ககம்’ மட்டும் வேண்டாம், நாக்கு சுளுக்குகிறது.

யாங்கோனிலிருந்து