மறு: பாட்டில்நெக்குக்குத் தமிழ்ச்சொல் — ‘குறுமடை’யை முன்வைக்கிறேன்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

> பகல்ல கோரல்டிரா, போட்டோஷாப், பிரவுசர்ல முப்பது டேப். ராத்திரி கேம். பார்ட் பார்ட்டா வாங்கி வீட்லயே ஒரு கம்ப்யூட்டர் கட்டலாம்னு இருக்கறேன். கடைக்காரர்ல இருந்து யூடியூப்காரர் வரைக்கும் ‘பாட்டில்நெக் ஆயிரும்’கறாங்க. அதுக்குத் தமிழ்ல என்னங்க?

பாட்டில்நெக் என்றால், கம்ப்யூட்டரில் ஒரு பாகம் மெதுவாக இருப்பதால் மற்றவையும் அதற்காகக் காத்திருக்க நேர்வது. பல்லடத்து அண்ணா இதைக் கேட்டதிலிருந்து நம் மடல் இழையில் நான்கு சொற்கள் வந்துவிட்டன. ‘போத்தல் கழுத்து’ வேண்டாம். இந்தப் பக்கம் யாரும் போத்தல் என்பதில்லை. பாட்டில் கழுத்து என்று மாற்றினாலும் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘இடையூறு’ ரொம்ப அகலம், பக்கத்து வீட்டு நாய் குரைப்பதும் இடையூறுதான். ‘நெரிசல்’ நல்ல சொல். ஆனால் அதை நெட்வொர்க் ஆட்களுக்கு விட்டுவைப்போம், அவர்களுக்கு அது வேறு பொருளில் வேண்டியிருக்கிறது.

‘முட்டுக்கட்டை’க்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு மறுப்பும் அதில்தான். முட்டுக்கட்டை போட்டால் வண்டி நின்றுபோகும். இங்கே எதுவும் நிற்பதில்லை. கேமில் விநாடிக்கு 140 பிரேம் (படம்) ஓட வேண்டிய இடத்தில் 90 ஓடுகிறது, அவ்வளவுதான். தவிர, முட்டுக்கட்டை என்றால் எடுத்து எறிந்துவிடலாம் என்ற நினைப்பு வரும். இதை எறிய முடியாது. ஒன்றை அகலப்படுத்தினால், அதற்கடுத்துக் குறுகலாக இருப்பது அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்.

அதனால் ‘குறுமடை’ என்கிறேன். கீழ்பவானிப் பாசனத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு தளும்பினாலும், நம் மடை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் வயலுக்குள் பாயும்.

> மடை என்றாலே திறப்புதானே ஐயா? ‘மடை திறந்தாற்போல’ என்று பேச்சாளர்களைப் புகழ்கிறோம். அதையே தடைக்குப் பெயராக வைப்பது எப்படி?

திறப்பு என்பதால்தான் பொருந்துகிறது. தரவு போய்க்கொண்டேதான் இருக்கிறது. எவ்வளவு போகலாம் என்ற அளவை ‘குறு’ சொல்லிவிடுகிறது.

> எங்க பக்கம் மதகுன்னுதான் பேச்சு. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகுன்னு முறை வெச்சுத் தண்ணி விடறாங்க. ‘குறுமதகு’ன்னு வெச்சா என்ன?

நல்ல கேள்விங்க தம்பி. கீழ்பவானியில் 2.07 லட்சம் ஏக்கரை இரண்டாகப் பிரித்து, ஒரு போகம் ஒற்றைப்படை மதகுகளுக்கும் அடுத்தது இரட்டைப்படைக்கும் விடுகிறார்கள். அதாவது மதகுக்கு ஷட்டர் உண்டு, திறக்கவும் மூடவும் ஆள் உண்டு, உத்தரவு உண்டு. நாம் பேர் வைக்கப்போகும் விஷயத்தை யாரும் திறந்து மூடுவதில்லை, அதன் அகலமே அவ்வளவு. ஷட்டர் போட்ட மதகை வேண்டுமானால் வேகக் கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் தனி இழை போடுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கடையில் எல்லாரும் ‘பாட்டில்நெக் இருக்குதா’ என்று கேட்கிறார்கள். இருக்கத்தான் செய்யும், இல்லாத கம்ப்யூட்டரே கிடையாது. ‘எங்கே’ என்றுதான் கேட்க வேண்டும். செயலி (சிபியு) பேரையும் கிராபிக்ஸ் கார்டு பேரையும் மட்டும் போட்டால் ‘12 சதவீத பாட்டில்நெக்’ என்று விடை தரும் இணையக் கணிப்பான்களை நான் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. எந்த கேம், எந்த ரெசல்யூஷன் (திரையில் எத்தனை புள்ளிகள்) என்று தெரியாமல் ஒற்றை எண் எங்கிருந்து வரும்? குறுமடை என்றால் ஓர் இடத்தின் பெயர். ‘குறுமடை எங்கீங்க?’ என்று வாயில் இயல்பாக வருகிறது. ‘இடையூறு எங்கீங்க?’ அப்படி வரவில்லை.

பெருந்துறையில் ஒரு தம்பியின் கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தோம். கேமில் 90 பிரேம், கார்டு 60 சதவீதம்தான் உழைக்கிறது. ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கினோம். கார்டின் உழைப்பு இன்னும் குறைந்தது, பிரேம் மட்டும் அதே 90. ஆக, குறுமடை கார்டில் இல்லை. ‘செயலி 35 சதவீதம்தானே காட்டுது?’ என்றான். செயலிக்குள் இருக்கும் கோர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் ஒன்று மட்டும் விளிம்பு வரை நிரம்பிக் கிடக்கிறது, மற்றவை சும்மா இருக்கின்றன. அதே பெட்டியில் 1440-க்கு ஏற்றி எஃபெக்ட்டெல்லாம் போட்டதும் கார்டு 98 சதவீதத்துக்குப் போய்விட்டது. ஒரு திருகுகூடக் கழற்றவில்லை, குறுமடை இடம் மாறிவிட்டது.

பல்லடத்து அண்ணாவுக்குப் பகலில் நினைவகம்தான் (ரேம்) குறுமடையாக இருக்கும். 16 ஜிபி நிரம்பி எஸ்எஸ்டிக்கு வழிய ஆரம்பித்தால் எந்தச் செயலியும் காப்பாற்றாது. 32 ஜிபி போடுங்க, அதையும் இரண்டு ஸ்டிக்காகப் போடுங்க. டிடிஆர்4 3200 வகை ரேமில் ஒற்றை ஸ்டிக்குக்கு ஏட்டளவில் விநாடிக்கு 25.6 ஜிபி தரவு போகும், இரண்டு ஸ்டிக்கை இரண்டு சேனலில் (தனித்தனி வழியில்) போட்டால் 51.2. வாங்கியதும் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாமல் விட்டால், காசு கொடுத்த வேகம் பெட்டி அட்டையோடு நின்றுவிடும்.

மதர்போர்டிலும் ஒரு குறுமடை ஒளிந்திருக்கும். 2022-இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு, போர்டோடு இணைக்கும் பிசிஐஇ 4.0 வழியில் நான்கே தடங்கள். பழைய 3.0 போர்டில் செருகினால் அந்தத் தடங்களின் வேகமும் பாதியாகிவிடும். கார்டின் நினைவகம் 4 ஜிபிதான் என்பதால், நிரம்பியதும் அந்த வழியேதான் தரவு போய்வர வேண்டும். விலை குறைவு என்று பழைய போர்டுக்கு இதை வாங்கியவர்களுக்கு அடி அங்கேதான் விழுந்தது.

அப்புறம் சூடு. பனியன் கம்பெனிப் பக்கம் வீடு என்றால் கேபினட் வலையில் பஞ்சு அடைந்துவிடும். ரைசன் 7600 போன்ற செயலிகள் 95 டிகிரியைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை மாதம் ஃபேன் பக்கமும் குறுமடை வரலாம்.

சொல்லாக்கமாகப் பார்த்தால், மையச்செயலிக் குறுமடை, வரைகலைக் குறுமடை, நினைவகக் குறுமடை, வெப்பக் குறுமடை என்று தடையில்லாமல் நீள்கிறது. ‘செயலி’யோடு ‘மைய’ சேர்த்ததற்குக் காரணம், இப்போது செயலி என்றால் பாதிப் பேருக்கு மொபைல் ஆப்தான் நினைவுக்கு வருகிறது. வினையாக்குவதற்கு ‘குறுமடையாதல்’ போதும். ‘இந்த கேமில் செயலி குறுமடையாகிறது’ என்றால் புரிகிறதல்லவா? சென்னை நண்பர்கள் மடையையே பார்த்ததில்லை என்று சொல்வார்கள். பாட்டில் கழுத்தில் கம்ப்யூட்டரை யார் பார்த்தார்கள்?

அண்ணா, பேரில்லாத எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கிற பெட்டி) மட்டும் வாங்காதீங்க. காந்திபுரத்தில் கேபினட்டோடு சேர்த்துத் தருவதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, நல்ல கம்பெனியாகத் தனியாக எடுங்க. கார்டு எது, செயலி எது என்று மூன்று மடலாகக் கேட்கிறீங்க, மானிட்டர் என்னன்னு இன்னும் சொல்லலை. 1080-ஆ 1440-ஆ, எத்தனை ஹெர்ட்ஸ்? அதை எழுதுங்க, கார்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.