30,000 சொல் பம்ப் மேனுவல்: எடிட்டிங்குக்கு எத்தனை நாள் கேட்கலாம்?

புதுப்பேனா:
சென்ட்ரிஃபியூகல் பம்ப் பராமரிப்பு மேனுவல் ஒன்று எடிட்டிங்குக்கு வந்திருக்கிறது. இங்கிலீஷ், வேர்ட் ஃபைல், 30,000 சொல், 35 அட்டவணை, 60 படம். நாளைக்குள் எத்தனை நாள் ஆகும் என்று சொல்லியாக வேண்டும். ஃபைலில் 148 பக்கம் காட்டுகிறது. மணிக்கு எத்தனை பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்?

ஓரக்குறிப்பு:
அந்த 148-ஐ மறந்துவிடுங்கள். எழுத்தளவை மாற்றினாலே அது மாறிவிடும். 250 சொல் ஒரு பக்கம் என்று வையுங்கள். உங்களுடையது 120 பக்கம்.

மணிக்கு இத்தனை என்று யார் சொன்னாலும் அது அவர் கையிலிருந்த ஃபைலுக்குத்தான் பொருந்தும். முன்பகுதி, நடு, கடைசி மூன்றிலும் தலா 4 பக்கம் எடுத்து, கடிகாரம் வைத்து நிஜமாகவே எடிட் செய்யுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வந்துவிடும். முதல் பக்கங்களை மட்டும் எடுக்காதீர்கள். முன்னுரையை எல்லோரும் கவனமாகத்தான் எழுதுவார்கள்.

புதுப்பேனா:
செய்து பார்த்தேன். நிறுவுதல் 40 நிமிடம், பராமரிப்பு 70, கோளாறு கண்டறிதல் 50. ஆக 12 பக்கத்துக்கு 160 நிமிடம். 120 பக்கத்துக்கு 1,600 நிமிடம், அதாவது 27 மணி நேரத்துக்குள். சரிதானே?

திருகாணி:
சராசரி இங்கே காலை வாரிவிடும். எந்தப் பகுதி எத்தனை பக்கம் என்று பாருங்கள். நிறுவுதல் 20, பராமரிப்பு 70, கோளாறு 30 என்றால், பக்கத்தை அந்தப் பகுதியின் பக்கத்துக்கு ஆகும் நிமிடத்தால் பெருக்குங்கள்: 20×10, 70×17.5, 30×12.5. கூட்டினால் 1,800 நிமிடம், சரியாக 30 மணி. கடினமான பகுதிதான் நீளமானதும்.

இது முதல் சுற்று மட்டும். இரண்டாம் வாசிப்புக்கு அதில் 40 சதவீதம், 12 மணி. அட்டவணைக்கு 10 நிமிடம் வீதம் ஏறக்குறைய 6 மணி. படம் ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் 4 மணி. குறுக்குக் குறிப்பு ('படம் 12-ஐப் பார்க்க' போன்றவை), பொருளடக்கம், படவரிசை எண் சரிபார்க்க 3. எஞ்சினியர்களிடம் கேள்வி அனுப்பி, பதிலைச் சேர்க்க 3. மொத்தம் 58. எதிர்பாராததற்கு மேலே 20 சதவீதம் போட்டால் ஏறக்குறைய 70 மணி. ஒரு நாளில் உருப்படியாக எடிட் செய்ய முடிவது ஐந்தரை மணிதான், மீதி மெயிலிலும் போனிலும் போகும். ஆக 13 வேலை நாள்.

அட்டவணைக்கு 10 நிமிடம் அதிகம் என்று தோன்றும். போல்ட் டார்க் (முறுக்குவிசை) ஓரிடத்தில் 40 நியூட்டன் மீட்டர், அடுத்த அட்டவணையில் 4.1 கிலோகிராம்-விசை மீட்டர் (kgf·m) என்று இருந்தால், இரண்டும் ஒன்றுதானா என்று கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஒரே உதிரிபாகம் படத்தில் 'மெக்கானிக்கல் சீல்', செய்முறைப் படியில் 'ஷாஃப்ட் சீல்', பாகப் பட்டியலில் வெறும் 'சீல்' என்று வரும். நேரத்தைத் தின்பது இதுதான், கமா அல்ல.

புதுப்பேனா:
"இலக்கணம் மட்டும் பார்த்தால் போதும், 5 நாளில் கொடுங்கள்" என்கிறார்கள், சார்.

ஓரக்குறிப்பு:
5 நாள் என்றால் ஏறத்தாழ 27 மணி நேரம். அதில் என்ன அடங்கும், என்ன அடங்காது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். எடிட்டிங்கை இப்படிப் பிரிப்பது பழைய வழக்கம்தான். நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் 1970-களிலேயே அதை 9 வகையாகப் பிரித்து 5 நிலைகளாக அடுக்கியிருந்தார்கள்.

உங்கள் 5 நாளில் எழுத்துப்பிழை, இலக்கணம், நிறுத்தற்குறி அடங்கும். அட்டவணை எண்களும் குறுக்குக் குறிப்பும் அடங்காது. ஆனால் எச்சரிக்கைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். 5-ஆம் படியில் "மூடியைக் கழற்றவும்", 6-ஆம் படியில் "கழற்றுமுன் அழுத்தத்தை வெளியேற்றவும்" என்று இருந்தால் இலக்கணம் சுத்தம், மெக்கானிக் முகத்தில் வெந்நீர். ஒரு சுற்று அதற்கு மட்டுமே, 2 மணி ஒதுக்குங்கள்.

திருகாணி:
இன்னொன்று. நாள் எண்ணத் தொடங்குவது இறுதி ஃபைல் கைக்கு வந்த தேதியிலிருந்து என்று போடுங்கள். பாதியில் "சின்ன மாற்றம்தான்" என்று புது ஃபைல் வந்தால் உடனே வேர்டில் இரண்டு ஃபைலை ஒப்பிடும் 'கம்பேர்' வசதியில் போட்டுப் பாருங்கள். எத்தனை பக்கம் மாறியிருக்கிறதோ, அதை அந்தந்தப் பகுதியின் நிமிடக் கணக்கில் பெருக்கி, வேலையைத் தொடங்குமுன் புதுத் தேதியை அனுப்பிவிடுங்கள்.