புதுப்பிப்பு: ஏ.சி. செம்புக் குழாயில் நீர் சொட்டியதன் காரணம்

சென்னையில் எங்கள் படுக்கையறை ஸ்பிளிட் ஏ.சி.யின் செம்புக் குழாய்கள் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தில் நீர் சொட்டிப் பெயின்ட் உரிகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். வடிகால் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்றே பலரும் கூறினீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அது காரணமன்று.

சென்ற வாரம் வந்த மெக்கானிக் வெள்ளை டேப்பைப் பிரித்தபோது, தடித்த குழாய்க்கு மட்டும் வெப்பக்காப்பு உறையிட்டு, மெல்லிய கால் அங்குலக் குழாயை வெறுமையாகவே விட்டு, இரண்டையும் சேர்த்துச் சுற்றியிருந்தது தெரிந்தது. இவ்வகை ஏ.சி.களில் குளிரூட்டும் திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்து அதைக் குளிர்விக்கும் பகுதி பெரும்பாலும் வெளி யூனிட்டிலேயே இருப்பதால், அங்கிருந்து உள்ளே வரும் மெல்லிய குழாயும் குளிர்ந்துவிடுகிறது. கடற்காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து நீராகிறது. முதலில் பொருத்தியவர் மிச்சப்படுத்தியது சில மீட்டர் உறையைத்தான்.

இப்போது இரண்டு குழாய்களுக்கும் தனித்தனியே 13 மி.மீ. தடிமனுள்ள நைட்ரைல் ரப்பர் உறை இடப்பட்டுள்ளது. குழாயைக் கழற்றாமலே செய்ய வேண்டியிருந்ததால், உறையை நீளவாக்கில் கீறி மாட்டி, கீறலின் இரு விளிம்புகளிலும் பசை தடவி, அது சற்று உலர்ந்த பிறகே அழுத்தி ஒட்டினார். குழாய்களை யூனிட்டோடு இணைக்கும் ஃப்ளேர் நட்டுகளில் வாயுக் கசிவு உண்டா என்று சோப்பு நீரால் சோதித்து, குமிழி வரவில்லை என்று உறுதிசெய்த பின்னரே மூடினார். டேப்பை இறுக்கிச் சுற்றினால் ரப்பர் நசுங்கிப் பயனற்றுப் போகும் என்பதால் தளர்வாகவே சுற்றச் சொன்னேன்.

ஆறு நாட்களாக இரவு முழுவதும் ஓடியும் சுவர் உலர்ந்தே இருக்கிறது. பெயின்ட் வேலை மட்டும் பாக்கி.