கார்டை வேற ஸ்லாட்டுக்கு மாத்துனதும் எக்ஸ் எழ மாட்டேங்குது

சிம்மக்கல்:
அச்சக டிசைன் மெஷின், சுபுண்டு 18.04 (லினக்ஸ் ஓஎஸ்), என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு. கார்டைக் கீழ் ஸ்லாட்டுக்கு மாத்தினதும் எக்ஸ் (திரையில படம் காட்டுற புரோகிராம்) எழாம, லாகின் திரை வரல. கறுப்புத் திரையில கோடு மட்டும் மினுக்குது. டிரைவரைத் திரும்பப் போட்டும் பலனில்ல. ஆவணி முகூர்த்தப் பத்திரிகை டிசைனெல்லாம் இதுலதான் கிடக்கு. ஓஎஸ்ஸை மறுபடி போடணுமா?

திருமங்கலம்:
வேணாம்ணே, ஓஎஸ் மேல கை வைக்காதீங்க. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அமுக்கினா எழுத்துத் திரை வரும். வார் அடைவுக்குள்ள லாக் அடைவுல எக்ஸார்க்.0.லாக்னு எக்ஸோட பதிவு ஃபைல் இருக்கும், முதல்ல அதைக் காப்பி எடுத்து வைங்க. எக்ஸ் கிளம்புற ஒவ்வொரு தடவையும் அது புதுசாயிரும். முந்தினது ஒண்ணுதான் 'ஓல்டு'ன்னு மிஞ்சும். அதுல அடைப்புக்குறிக்குள்ள ரெட்டை 'ஈ' போட்ட வரிகளை அனுப்புங்க. ரெட்டை 'டபிள்யூ' வெறும் எச்சரிக்கைதான்.

சிம்மக்கல்:
"நோ டிவைசஸ் டிடெக்டட்", அதுக்குக் கீழ "நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்". எக்ஸோட செட்டிங் ஃபைல் எக்ஸார்க் கான்ஃப்ல பஸ்ஐடி (கார்டு இருக்குற இடத்தோட நம்பர்) "பிசிஐ:1:0:0". கார்டுகளைப் பட்டியல் போடுற எல்எஸ்பிசிஐ கட்டளை "0ஏ:00.0" காட்டுது. "பிசிஐ:0ஏ:0:0"ன்னு மாத்திப் பார்த்தாச்சு, அதே பிழை.

திருமங்கலம்:
அங்கதாண்ணே இடிக்குது. எல்எஸ்பிசிஐ ஹெக்ஸ்ல (16 அடிமான எண்ல) காட்டும், கான்ஃப் டெசிமல்ல (சாதாரண 10 அடிமான எண்ல) கேக்கும். 0ஏன்னா 10. "பிசிஐ:10:0:0"ன்னு எழுதி, "சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் லைட்டிஎம்" குடுங்க, லாகின் திரை திரும்பக் கிளம்பும். எல்எஸ்பிசிஐ 10ன்னு காட்டியிருந்தா 16ன்னு எழுதணும். நிறைய பேர் தடுக்கி விழுற இடம் அது.

மேலூர்:
மெஷின்ல ஒரே கார்டுன்னா பஸ்ஐடி வரியையே எடுத்துருங்க, எக்ஸ் தானா கண்டுபிடிச்சுக்கும். அந்த நம்பர் நிரந்தரமில்ல, புதுசா ஒரு எஸ்எஸ்டி சொருகினாக்கூட மாறலாம்.

சிம்மக்கல்:
லாகின் திரை வந்துருச்சு! ஆனா பாஸ்வேர்ட் போட்டா ஒரு நொடி கறுத்து, திரும்ப லாகினுக்கே வருது. எழுத்துத் திரையில அதே பாஸ்வேர்ட் ஏத்துக்குது. நடுவுல, எக்ஸைக் கையால கிளப்புற ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையை சுடோ (நிர்வாகி அதிகாரம்) சேர்த்து ஓட்டினோம்.

மேலூர்:
அதுதான் காரணம். 18.04ல சுடோ போட்டாலும் ஹோம் அடைவு உங்களோடதாவே இருக்கும். அதனால அங்க இருக்குற .எக்ஸ்அத்தாரிட்டி ஃபைல் (எக்ஸோட அனுமதி ஃபைல்) ரூட் (நிர்வாகி) பேருக்குப் போயிருக்கும். "எல்எஸ் -எல்ஏ" குடுத்தா "ரூட் ரூட்"டுன்னு தெரியும். சுடோ சௌன் போட்டு உங்க பேருக்கு மாத்துங்க, .ஐஸ்அத்தாரிட்டியையும் பாருங்க. அப்பவும் சுத்துச்சுன்னா "டிஎஃப் -எச்" குடுத்து டிஸ்க்ல இடம் இருக்கான்னு பாருங்க. டிஸ்க் 100% நிறைஞ்சிருந்தாலும் இதே மாதிரிதான் வெளிய தள்ளும்.

சிம்மக்கல்:
ரெண்டு ஃபைலும் ரூட் பேர்ல இருந்துச்சு. மாத்தினதும் உள்ள விட்டுருச்சு, டிசைனெல்லாம் அப்படியே இருக்கு. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிண்ணே.